பெருந்திருத்தம் தேவைப்படும் தகப்பன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பல்செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், நாலு பேர் நடுவில் நான் சிரிக்கும்போது அது கழன்று எதிரில் இருப்பவர் டீயில் விழட்டும். இந்த வயதில் ஒருவன் வேறு எதை வைத்துச் சத்தியம் செய்வது? முடி போய்விட்டது. முட்டி போய்விட்டது. வாயில் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான், அதுவும் கடையில் வாங்கினது.

எங்கள் ஊரில் பச்சிளங்குழந்தை ஆராய்ச்சி மையம் என்று ஏழு மாடியில் ஒரு கட்டடம் இருக்கிறது. ஆறு மாடி ஆராய்ச்சிக்கு. ஒரு மாடி பச்சிளங்குழந்தைகளுக்கு. அதிலும் பாதியைக் கட்டுரை அடுக்கும் அலமாரிகள் பிடித்துக்கொண்டதால், குழந்தைகளைக் கொஞ்சம் நெருக்கி வைத்திருந்தார்கள். அலமாரியை நெருக்கினால் கட்டுரை கசங்கிவிடும் அல்லவா?

வாசலில் பஸ் நிலையத்தில் இருப்பது போல ஒரு மின்பலகை. அதில் பஸ் வராது. பேராசிரியரின் மேற்கோள் எண்ணிக்கை சிவப்பு எழுத்தில் ஓடும். மேற்கோள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன். ஒரு டாக்டர் ஒரு கட்டுரை எழுதுகிறார். இன்னொரு டாக்டர் தன் கட்டுரையில், ‘அவர் இப்படிச் சொல்லியிருக்கிறார்’ என்று எழுதுகிறார். அது ஒரு மேற்கோள். படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. நம் வீடுகளில் ‘அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா’ என்று நடப்பதுதான். நாம் அதைப் புறம்பேசுவது என்கிறோம்; அவர்கள் தாக்கம் என்கிறார்கள்.

எண் ஒன்று ஏறினால் மணி அடிக்கும். அடித்தால் கட்டடத்தில் இருக்கும் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று மூன்று முறை கைதட்ட வேண்டும். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தாலும் சரி. கத்தி பிடித்திருப்பவருக்கு மட்டும் ஒரு சலுகை: அவர் காலால் தரையைத் தட்டிக்கொள்ளலாம்.

பேராசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பெற்றவர்கள் வெறும் நெஞ்சில் கிடத்தி அணைத்துக்கொண்டால் அது பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்தான் எழுதினார். பூனைக்கும் அது தெரியும். ஆனால் பூனை எழுதி வெளியிடவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்து, பெயர் தெரியாத தேசங்களில் எல்லாம் தாய்மார்கள் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டார்கள், குழந்தைகள் பிழைத்தன. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அவர் அந்த ஒரு விஷயத்தையே வெங்காயம் நறுக்குவது போல நறுக்க ஆரம்பித்தார். இடப்பக்க நெஞ்சு என்று ஒரு கட்டுரை. வலப்பக்க நெஞ்சு என்று ஒரு கட்டுரை. மழை நாளில் அணைத்தால் ஒன்று, வெயில் நாளில் அணைத்தால் ஒன்று. மீசை வைத்த தகப்பனுக்கு ஒன்று. மழித்த தகப்பனுக்கு அதன் தொடர்ச்சி.

அந்தக் கட்டடத்தில்தான் என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் பிறந்தாள்.

என் மாப்பிள்ளை பெயிண்டர். படம் வரைகிறவர் இல்லை, சுவருக்கு அடிக்கிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதிப் பேச்சு நிறத்தைப் பற்றித்தான் இருக்கும். என் மகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போன வேளையில், நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கூட ஓடினார். சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பார். சொத்து இல்லாததால் தப்பித்தோம். ஆனால் அந்த ஓட்டத்தில் குழந்தையை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஓர் ஆய்வு மாணவி வந்தாள். மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் ஒரு சின்ன இயந்திரம். பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஒரு பெண்குரலில், “வாழ்த்துகள். ஒப்பீட்டுக் குழு” என்றது.

“ஒப்பீடுன்னா என்னங்க?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“உங்க குழந்தையை யாரும் நெஞ்சுல போட்டுக்கக் கூடாது சார். தூக்கக் கூடாது. மத்தபடி எல்லா வைத்தியமும் உண்டு.”

“தூக்கினா நல்லதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்களே.”

“நல்லதுதான் சார். எவ்வளவு நல்லதுன்னு தெரியணும்னா, தூக்காத குழந்தையும் வேணும்ல?”

“அதைத்தான் கண்டுபிடிச்சாச்சே.”

“அது போன கட்டுரைல சார். இது அடுத்த கட்டுரை.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். அது வேறு யாருக்கோ வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிட்டது.

குழந்தை இருந்த அறைக்குப் போவதற்கு ஒரு காவலாளியைத் தாண்ட வேண்டும். அவர் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை.

“ஒரு மேற்கோள் சொல்லுங்க” என்றார்.

“என்ன மேற்கோள்?”

“பேராசிரியர் எழுதினதுல ஒரு வரி. சொன்னாத்தான் உள்ள விடுவேன். நீங்க சொல்றதும் கணக்குல சேரும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே.”

“பின்னாடி திரும்பிச் சுவரைப் பாருங்க. பார்த்துச் சொன்னாலும் பரவாயில்ல. பெரிய டாக்டருங்களே அப்படித்தான் பண்றாங்க.”

மாப்பிள்ளை திரும்பி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: “அணைப்பே மருந்து.”

“போங்க” என்றார் காவலாளி. மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை ‘அணைப்பே மருந்து’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மகளைப் பார்த்தார்.

கையைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும். நகத்தில் பெயிண்ட் இருக்கிறது என்று தலைமை நர்ஸ் திருப்பி அனுப்புவார். மாப்பிள்ளை மறுபடி போய்த் தேய்ப்பார்.

“சிஸ்டர், தொடவே கூடாதுன்னா எதுக்குங்க கழுவணும்?”

“தொடற குழுவும் தொடாத குழுவும் மத்த எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். கழுவாம விட்டா ஆராய்ச்சி கெட்டுடும். நல்லாத் தேய்ங்க.”

தேய்த்தார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்துபோய், பிறந்த குழந்தையின் விரல் போல ஆகிவிட்டது. வெறும் காற்றில் நீட்டிக் காயவைப்பார். பிறகு பின்னால் கட்டிக்கொள்வார்.

குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். தலையில் ஒரு சின்னத் தொப்பி, என் கட்டைவிரலுக்குப் போட்டால் சரியாக இருக்கும். வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. பெட்டியின் மேல் ‘ஒப்பீடு நாற்பத்தொன்று’ என்று ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ‘பாப்பா’ என்று கூப்பிட்டார். இரண்டுக்கும் அவள் கண் திறக்கவில்லை. அவ்வளவு சின்னக் குழந்தைகள் நடுநடுவே மூச்சுவிட மறந்துபோகும். மறதி என் வயதுக்காரர்களின் சொத்து என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தெரிந்தது, அது இரண்டு முனையிலும் இருக்கிறது. மறந்தால் பெட்டி மணி அடிக்கும். நர்ஸ் வந்து பாதத்தில் ஒரு சுண்டு சுண்டுவார். குழந்தை, ‘ஓ, மூச்சா’ என்று நினைவு வந்ததுபோல இழுக்கும்.

இதில் ஒரு சிக்கல். பெட்டி மணியும் மேற்கோள் மணியும் ஒரே கம்பெனியில் வாங்கினவை. சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணி அடித்தால் நர்ஸ்கள் முதலில் கைதட்டினார்கள். தட்டி முடித்துவிட்டு, எந்த மணி என்று பார்த்தார்கள்.

“ஏம்மா, முதல்ல குழந்தையைப் பார்த்துட்டு அப்புறம் தட்டக் கூடாதா?” என்று கேட்டேன்.

“தட்டாம விட்டா மெமோ வரும் பெரியவரே” என்றார் தலைமை நர்ஸ். “குழந்தைங்க மெமோ குடுக்காது.”

என் மகள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்தில் படுத்திருந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம், மேலே காய்ச்சல். எழுந்து வர முடியாது. பாலைப் பீய்ச்சி ஒரு சின்னப் புட்டியில் கொடுப்பாள். நான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போவேன். அது குழாய் வழியாகக் குழந்தைக்குப் போகும். திரும்பி வந்தால் கேள்வி ஆரம்பிக்கும்.

“யாரை மாதிரிப்பா இருக்கா?”

“மூக்கு உன் மூக்கு. நெத்தி மாப்பிள்ளை நெத்தி. பிடிவாதம் உங்கம்மா. போனவ திரும்பி வந்து என்னை முறைக்கிறா.”

“காது?”

“காது தொப்பிக்குள்ள இருக்கும்மா. நாளைக்கு விசாரிச்சுட்டு வரேன்.”

சிரிப்பாள். தையல் இழுக்கும், வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பிறகு சிரிப்பு நின்றதும் கேட்பாள்.

“அவர் தூக்கினாராப்பா?”

“அனுமதி வந்துக்கிட்டே இருக்கு.”

“யாராவது ஒருத்தர் தூக்கிக்கணும்ப்பா. என் வயித்துல இருந்து எடுத்ததுல இருந்து அவ யார் மேலயும் இல்ல.”

நான் புட்டியைக் கழுவப் போனேன். கழுவ வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கடைசியில் பேராசிரியரைப் பார்க்க எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். அறைச் சுவர் முழுவதும் அவருடைய கட்டுரைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய புகைப்படம்: பேராசிரியர் ஒரு குழந்தையை நெஞ்சோடு அணைத்து, கண்மூடி நிற்கிறார். எனக்கே கண் கலங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ரப்பர் பொம்மை.

“நிஜக் குழந்தை அசையுது” என்றார் பேராசிரியர். “படம் கலங்கிடுது. உக்காருங்க. உக்கார்ற விதத்தைப் பத்தி என்னோட ரெண்டு கட்டுரை இருக்கு.”

அந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு விதத்தில் உட்கார்ந்தோம்.

“ஐயா” என்றார் மாப்பிள்ளை, “என் பொண்ணை ஒரு தடவை தூக்கிக்கணும்.”

“ஏன்?”

மாப்பிள்ளை இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “என் பொண்ணுங்க” என்றார்.

“அது காரணம் இல்லையே. அது உறவு.”

“மூச்சு அடிக்கடி நின்னுபோகுதுங்க. நிறம் மாறுது. காலைல இருந்த ரோஸ் இப்ப இல்ல. யாரோ அதுல ஒரு சொட்டு சாம்பலை விட்ட மாதிரி இருக்கு. நெஞ்சுல போட்டா சரியாகும்னு நீங்கதானே ஐயா எழுதியிருக்கீங்க.”

“ஆமா!” பேராசிரியர் முகம் மலர்ந்தது. “எந்தப் பத்திரிகைல பார்த்தீங்க?”

“வாசல்லங்க.”

முகம் வாடியது. பத்திரிகைக்குப் போடுவது போல வாசலுக்குத் தாக்க மதிப்பு யாரும் போடுவதில்லையாம்.

“இங்க பாருங்க. உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்கு நீங்க தூக்குவீங்க, நாளைக்கு நாற்பத்திரண்டோட அம்மா தூக்குவாங்க. அப்புறம் ஒப்பீட்டுக் குழுவே இருக்காது. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி நல்லா இருந்தா, என் ஆராய்ச்சி எதைக் காட்டும்? பாசம் நல்லதுதான். ஆனா அது ஒரு குழப்பக் காரணி.” கொஞ்சம் யோசித்தார். “இருந்தாலும் நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. விண்ணப்பம் எழுதிக் குடுங்க. முறைப்படி மதிப்பாய்வுக்கு அனுப்பறேன்.”

ஆய்வு மாணவிதான் எழுத உதவினாள். அவளுக்கு அது வேலை இல்லை. யாரும் பார்க்காதபடி, மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் அடித்தாள். நோக்கம்: குழந்தையைத் தூக்குதல். செய்முறை: இரண்டு கைகளால். எதிர்பார்க்கும் முடிவு என்ற இடம் வந்ததும் மாப்பிள்ளை எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினாள்.

பெயர் தெரியாத இரண்டு மதிப்பாய்வாளர்கள் அதைப் படித்தார்கள். முதலாமவர் எழுதினார்: ‘தகப்பன் பாசம் குறித்து ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ இரண்டாமவர் எழுதினார்: ‘நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் நிறுவ முடியாது. இன்னும் முப்பது குழந்தைகளுடன் வரவும். மேலும், விண்ணப்பதாரர் பின்வரும் கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் சிறப்பாக இருக்கும்.’ கீழே நீளமாக ஒரு பட்டியல். எல்லாவற்றையும் எழுதியவர் ஒரே ஆள். பெயர் தெரியாத மதிப்பாய்வாளரின் பெயர் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முடிவு: ‘பெருந்திருத்தம் தேவை.’

“இதுக்குப் பதில் எழுதணும் சார்” என்றாள் மாணவி. “முதல்ல நன்றி சொல்லணும். ‘மதிப்பாய்வாளரின் ஆழ்ந்த கருத்து எங்களைச் சிந்திக்க வைத்தது’ன்னு.”

“சொல்லிடுங்க.”

“அப்புறம், புதுசா என்னன்னு கேட்டிருக்காரே, அதுக்கு என்ன எழுதட்டும்?”

மாப்பிள்ளை சிவந்த விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டார். “இவ புதுசுங்க” என்றார். “இதுக்கு முன்னாடி இவ இருந்ததில்ல.”

மாணவி அடிப்பதை நிறுத்தினாள். மணி அடித்தது. அவள் கைதட்டவில்லை. அந்தக் கட்டடத்தில் மணி அடித்து ஒருவர் கைதட்டாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

திருத்தின விண்ணப்பம் போனது. அடுத்த முடிவு வந்தது: ‘சிறுதிருத்தம் தேவை. “பாப்பா” என்று வரும் இடங்களில் எல்லாம் “ஒப்பீடு நாற்பத்தொன்று” என்று மாற்றவும்.’ மாப்பிள்ளை மாற்றச் சொன்னார். பாப்பாவுக்கு மூச்சு மறப்பது அதிகமாகிக்கொண்டே வந்தது. பாதத்தில் ஒரு சுண்டு போதாமல் இரண்டு, மூன்று என்று ஆனது. கடைசி ஒப்புதலுக்கு டாக்டர்களின் அனுமதிக் குழு கூட வேண்டும் என்றார்கள். குழு கூடவில்லை. ஏனென்றால் விழா வந்துவிட்டது.

பேராசிரியரின் மேற்கோள் லட்சத்தைத் தொடப் போகிறது. மின்பலகையின் அடியில் மேடை போட்டார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், லிஃப்ட்காரர், துடைப்பவர்கள் எல்லாரும் கீழே வர வேண்டும், கைதட்டும் சத்தம் குறையக் கூடாது என்று உத்தரவு. நாங்களும் நின்றோம். அனுமதிக் குழுவில் இருந்த எல்லாரும் மேடையில் இருந்தார்கள். அவர்களை அதற்கு முன்னால் ஒன்றாகப் பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பேராசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நண்பர்களே! நான் இந்தத் துறைக்கு வந்தப்போ குறைமாசக் குழந்தைங்க செத்துக்கிட்டு இருந்தாங்க. அதைப் பத்தி யாருமே எழுதல. இன்னிக்கு? எழுதறோம்!”

கைதட்டல்.

“ஒரு குழந்தையைக் காப்பாத்தினா ஒரு குடும்பம்தான் சந்தோஷப்படும். ஒரு கட்டுரை போட்டா உலகமே மேற்கோள் காட்டும். எனக்குக் குடும்பத்தை விட உலகம் பெரிசு!”

கைதட்டல்.

“சில பேர் கேக்கறாங்க, நீங்க கண்டுபிடிச்ச வைத்தியத்தை உங்க வார்டுல எல்லாருக்கும் ஏன் குடுக்கறதில்லைன்னு. நான் சொல்றேன். வெளியூர்க் குழந்தைங்க எல்லாம் என் கட்டுரையால பிழைக்கறாங்க. ஆனா அந்தக் கட்டுரை பிழைக்கறதுக்கு இங்க சில குழந்தைங்க ஒத்துழைக்கறாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு என் நன்றி. என்னோட எல்லாக் கட்டுரையிலயும் கடைசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல, அந்த நன்றி இருக்கு!”

எழுந்து நின்று தட்டினார்கள். பலகை லட்சத்துக்கு ஒன்று குறைவாக வந்து நின்றது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கேக் வெட்டக் கத்தி தயாராக இருந்தது.

மணி அடித்தது.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பேராசிரியர் இரண்டு கையையும் தூக்கினார். ஆனால் பலகையில் எண் மாறவில்லை. மணி நிற்கவும் இல்லை. மாப்பிள்ளை ஒருவர்தான் பலகையைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தார்.

“மாமா, இது நம்ம மணி” என்றார்.

ஓடினார். நானும் என் முட்டியும் பின்னால் போனோம். காவலாளி விழாவில் இருந்தார். மேற்கோள் கேட்க ஆள் இல்லை. வார்டில் ஒருவரும் இல்லை. வரிசையாகப் பெட்டிகள், நடுவில் ஒரு பெட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை கழுவாமல் உள்ளே போனார். பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தார். பாதத்தைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். பிறகு சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் ஒரே இழுப்பில் இழுத்தார். பொத்தான்கள் தரையில் தெறித்து ஓடின. குழாயோடும் கம்பிகளோடும் அவளை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய கையால் முதுகை மூடினார். முதுகு முழுவதும் மூடியும் கையில் இடம் மிச்சமிருந்தது.

“பாப்பா” என்றார். “அப்பா வந்துட்டேன்டா.”

மணி நின்றது.

இனிமேல்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். முதலில் உதட்டில் ரோஸ் வந்தது. அப்புறம் கன்னத்தில். காது தொப்பிக்கு வெளியே வந்து சிவந்தது. என் மகளின் காதேதான். அவள் ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள், ஜன்னல் திரை உள்பக்கமாக வந்துவிட்டது. பக்கத்துப் பெட்டிகளில் இருந்த ஒப்பீடுகள் எல்லாம் கண்ணைத் திறந்து, எங்களுக்கு எங்கே என்று அழ ஆரம்பித்தன. அந்த அழுகை விழா மேடை வரைக்கும் கேட்டு, ஒலிபெருக்கி வெட்கப்பட்டு அணைந்தது.

பேராசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார். “ஐயோ, என் நாற்பத்தொன்று!” என்று கையை நீட்டினார். பாப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் பொம்மை விரலைப் பிடிக்காது அல்லவா? மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

“எவ்வளவு சூடா இருக்கா” என்றார். அதைப் பற்றித் தனக்கு எத்தனை கட்டுரை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மறந்தேபோனார். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் ஒண்ணு குடுங்க” என்று கோட்டைக் கழற்றிவிட்டு, நாற்பத்திரண்டை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் முற்றத்தின் அந்தப் பக்கக் கட்டடத்திலிருந்து தாய்மார்கள் வெறுங்காலோடு வரிசையாக வந்தார்கள். என் மகளை ஆய்வு மாணவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒப்பீட்டுக் குழு அன்றோடு கலைந்தது. குழந்தைகளுக்கு இடம் போதவில்லை என்று அலமாரிகளை வெளியே தள்ளினார்கள். பேராசிரியர் அதற்கப்புறம் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. கை காலியாக இருந்தால்தானே எழுத முடியும்? மின்பலகையைப் பஸ் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதில் பஸ் வருகிறது.

பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அவளைப் போல வாயாடி நம் வம்சத்தில் கிடையாது. போன வாரம் அப்பாவின் டப்பாவைத் திறந்து பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு கோட்டிங் பச்சை அடித்துவிட்டாள். ஏன்டி என்று கேட்டால், “வெள்ளைல அழுக்கு தெரியுது தாத்தா” என்கிறாள்.

இந்தக் கதையை என் மகள் அடிக்கடி சொல்லச் சொல்லிக் கேட்பாள். நாய் வந்ததும் சிரிப்பாள். “என்ன பச்சைப்பா? இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?” என்பாள். போன தடவை இலைப் பச்சை என்றிருந்தால் இந்தத் தடவை கிளிப் பச்சை என்பேன். “ரெண்டாவது கோட்டிங் அடிச்சிருக்கா” என்று அவளே சொல்லிக்கொள்வாள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவார்.

குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி, நாங்கள் அவளைப் புதைத்த மறுநாள் வந்தது.